தோட்டத்து மாடல் ரயிலுக்கு கரன்ட் கொடுப்பது எப்படி: பாதை வளர வளர தாங்கும்படி வயரிங் செய்ய ஒரு முழு வழிகாட்டி

தோட்ட ரயில் பெரும்பாலும் ஒரு சின்ன வட்டத்தில்தான் தொடங்கும். பெட்டியோடு வந்த கன்ட்ரோலர், இரண்டு வயர், ஒரு இன்ஜின், அவ்வளவுதான். அது நன்றாகவே ஓடும். அப்புறம் பாதை செடிகளுக்குப் பின்னால் போகும், ஒரு ஸ்டேஷன் வரும், ரயில்கள் ஒன்றையொன்று கடக்க இன்னொரு லைன் வேண்டியிருக்கும், ஒருநாள் பார்த்தால் தூரத்து மூலைக்குப் போகும்போதெல்லாம் இன்ஜின் தளர்ந்துபோய் ஊர்கிறது. உடனே எல்லோருக்கும் தோன்றுவது, இன்னும் பெரிய கன்ட்ரோலர் வாங்க வேண்டும் என்பதுதான். அவசரப்பட வேண்டாம். கன்ட்ரோலரில் இருந்து கிளம்பும் கரன்ட் வழியிலேயே கரைந்துபோகிறது என்பதுதான் பெரும்பாலும் உண்மையான காரணம், அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு பெரிய கருவி வைத்தாலும் தூரத்து மூலை தூரத்து மூலையாகவே இருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே யோசனையைச் சுற்றித்தான் போகிறது: இன்றைக்கு இருக்கும் பாதைக்கு வயரிங் செய்யாதீர்கள், இனி வரப்போகும் பாதைக்குச் செய்யுங்கள். தண்டவாளத்தை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கி மாற்றி வைக்கலாம், மண்ணுக்குள் போட்ட வயரை அப்படிச் செய்ய முடியாது.

நான் மனதில் வைத்து எழுதுவது 45 மி.மீ. அகலப் பாதை. 1968-இல் எல்ஜிபி என்ற ஜெர்மன் பிராண்ட் தொடங்கிவைத்த, ஜி ஸ்கேல் என்று பொதுவாகச் சொல்லப்படும் வகை. சின்ன ஸ்கேலை வெளியில் போடுகிறவர்களுக்கும் அடிப்படை இதேதான், வோல்ட், ஆம்பியர் எண்கள் மட்டும் குறையும்.

முதலில் எந்த முறை என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வழிகள் உண்டு. முதலாவது சாதாரண டிசி. தண்டவாளத்தில் வோல்டேஜைக் கூட்டினால் வேகம் கூடும், பிளஸ் மைனஸை மாற்றினால் ரயில் பின்னால் போகும். எளிமையானது, பழுது பார்ப்பதும் சுலபம். ஆனால் ஒரே மின்பகுதியில் இரண்டு இன்ஜின் நின்றால் இரண்டுமே ஓடும். தனித்தனியாக ஓட்ட வேண்டுமென்றால் பாதையைத் துண்டுதுண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்விட்ச் வைக்க வேண்டும். பாதை வளர வளர அந்த ஸ்விட்ச் பலகையும் வளரும், ஒவ்வொரு துண்டுக்கும் கன்ட்ரோலர் இருக்கும் இடத்திலிருந்து தனி வயர் இழுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது டிசிசி என்கிற டிஜிட்டல் முறை. தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும், பெரிய ஸ்கேலில் 18-லிருந்து 22 வோல்ட் வரை. அந்த மின்சாரமே நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறி மாறிச் செய்தியையும் சுமந்துகொண்டு போகிறது, ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் இருக்கும் டீகோடர் தனக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எத்தனை ரயில் இருந்தாலும் பாதைக்குப் போவது ஒரே ஜோடி வயர்தான் என்பது விரிவாக்கத்துக்கு மிகப் பெரிய வசதி. பதிலுக்கு அது கேட்பது சுத்தமான இணைப்புகள். டிசியில் கொஞ்சம் மோசமான இணைப்பு இருந்தால் இன்ஜின் மெதுவாகும், டிசிசியில் அதே இணைப்பு கட்டளையையே சிதைத்துவிடலாம்.

மூன்றாவது, பேட்டரியை ரயிலுக்குள்ளேயே வைத்து ரேடியோ ரிமோட்டில் ஓட்டுவது. தண்டவாளத்தில் மின்சாரமே கிடையாது, ஆகவே இந்த வழிகாட்டியின் முக்கால் பங்கு உங்களுக்குத் தேவைப்படாது. மரத்தடியில் பாதை போகிறது, இலையும் பிசினும் தினமும் விழுகிறது, வாராவாரம் தண்டவாளம் துடைக்க நேரமில்லை என்றால் தயங்காமல் இதற்குப் போங்கள். லித்தியம் அயான் செல் ஒன்றுக்கு 3.7 வோல்ட் என்று கணக்கு, 4 செல் தொடராக இணைத்தால் 14.8 வோல்ட், 6 செல் 22.2 வோல்ட். 3 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியில் சராசரியாக 1 ஆம்பியர் இழுக்கும் இன்ஜின் ஓடினால், கடைசிச் சொட்டுவரை காலி செய்யாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிம்மதியாக ஓடும். பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத பேட்டரியை வாங்கவே வேண்டாம், பேட்டரியின் வாயிலேயே ஒரு ஃபியூஸ் வையுங்கள், சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

என் அபிப்பிராயம் கேட்டால்: ஒரே வட்டம், ஒரே ரயில், இதற்கு மேல் போகமாட்டேன் என்பவருக்கு டிசி போதும். வளர்ப்பேன் என்பவருக்கு டிசிசி. பராமரிப்பே செய்ய முடியாத இடம் என்றால் பேட்டரி. பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று டிசியில் தொடங்கினாலும் தவறில்லை, வயரிங்கை டிசிசிக்குத் தாங்கும்படி போட்டுவிட்டால் பின்னால் கன்ட்ரோலரை மாற்றி, இன்ஜின்களுக்குள் டீகோடர் வைத்தால் போதும். ஒன்று மட்டும் வேண்டாம். பாதையின் ஒரு பகுதியில் டிசியும் பக்கத்துப் பகுதியில் டிசிசியும் வைத்து ரயில் இரண்டுக்கும் நடுவே கடக்கும்படி செய்யாதீர்கள், சக்கரம் இடைவெளியைத் தாண்டும் அந்த நொடியில் இரண்டு மின்சாரமும் ஒன்றோடொன்று மோதும், கருவிகள் போய்விடும்.

எவ்வளவு ஆம்பியர் வேண்டும்

ஒரு மோட்டார் உள்ள ஜி ஸ்கேல் இன்ஜின் சமதளத்தில் சுமார் 1 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மோட்டார், ஏற்றம், நீளமான ரயில் என்றால் 2, 3 ஆம்பியர் வரை போகும். புகை விடும் கருவி தனியாகக் கொஞ்சம் சாப்பிடும். பலரும் கணக்கில் சேர்க்க மறப்பது பெட்டிகளுக்குள் இருக்கும் பழைய இழை பல்புகளை. ஒவ்வொன்றும் 50 முதல் 100 மில்லிஆம்பியர், இரண்டு பல்பு வீதம் ஆறு பெட்டி என்றால் விளக்குக்கே ஒரு ஆம்பியர் போய்விடுகிறது. அவற்றை எல்இடியாக மாற்றுவதுதான் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க மிக எளிய வழி.

உங்கள் ரயிலையே அளந்து பார்ப்பது இதைவிட நல்லது. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்து ஒரு வயரில் தொடராக இணையுங்கள், டிசியில் நேராகத் தெரிந்துவிடும். வந்த எண்ணோடு பாதி சேர்த்து, ஒரே நேரத்தில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள்.

தேவை 10 ஆம்பியருக்கு மேல் போனால் ஒரே பெரிய கருவி வாங்காமல், பாதையை இரண்டு மூன்று வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 5 ஆம்பியர் பூஸ்டர் (டிசிசி சிக்னலைப் பெருக்கிப் பாதைக்குக் கரன்ட் கொடுக்கும் கருவி) ஒன்று வையுங்கள். காரணம் ஷார்ட் சர்க்யூட். 20 வோல்ட், 20 ஆம்பியர் என்றால் 400 வாட். ரயில் தடம் புரண்டு சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் தொட்டால் அந்த 400 வாட்டும் ஒரு புள்ளியில் இறங்கும். சக்கரம், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக், இன்ஜினுக்குள் இருக்கும் மெல்லிய வயர் எல்லாம் உருகுவதற்கு அது தாராளம். சின்ன பூஸ்டர் என்றால் சேதம் குறைவு, அதோடு ஒரு வட்டாரம் நின்றாலும் மற்ற இடங்களில் ரயில் ஓடிக்கொண்டே இருக்கும்.

வீட்டு மின்சாரம் தோட்டத்துக்கு வரக்கூடாது

இதில் சமரசமே கிடையாது. சுவர் பிளக்கில் இருந்து வரும் மின்சாரம் பவர் சப்ளையோடு நிற்க வேண்டும், அந்தப் பவர் சப்ளை வீட்டுக்குள்ளோ மழை படாத கொட்டகையிலோ இருக்க வேண்டும். வெளியே போவது 24 வோல்ட்டுக்குள் இருக்கும் குறைந்த மின்சாரம் மட்டும். கொட்டகைக்கே புதிதாக மின் இணைப்பு வேண்டுமென்றால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள், அந்த இணைப்பில் 30 மில்லிஆம்பியரில் விழும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம் இருக்கட்டும். பவர் சப்ளை தனிமைப்படுத்தப்பட்ட வெளியீடு உள்ள, சான்று பெற்ற பொருளாக இருக்க வேண்டும். எங்கிருந்தோ கழற்றிய டிரான்ஸ்ஃபார்மரைப் பயன்படுத்த வேண்டாம், குழந்தைகள் ஈரக் கையோடு தொடப்போகும் தண்டவாளம் இது.

இடி மின்னல் வரும் என்று தெரிந்தால் பிளக்கைப் பிடுங்குவதோடு நிறுத்தாமல் தோட்டத்துக்குப் போகும் வயரையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றிவிடுங்கள். நீளமான உலோகப் பாதை வெளியே கிடக்கிறது, மின்னல் அதன்மேல் நேராக விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே டீகோடர்களுக்கும் பூஸ்டருக்கும் ஆபத்து. இந்தக் கழற்றல் சுலபமாக இருக்கும்படி அங்கே ஒரு நல்ல பிளக்-சாக்கெட் வைத்துவிடுங்கள், சோம்பல் வராது.

வோல்டேஜ் எங்கே போகிறது

இங்கே கொஞ்சம் கணக்கு போடலாம், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

2.5 சதுர மி.மீ. செம்பு வயரின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிஓம். 30 மீட்டர் தூரத்துக்கு வயர் இழுத்தால் போய் வர 60 மீட்டர், அதாவது 0.48 ஓம். 3 ஆம்பியர் ஓடினால் 1.4 வோல்ட் இறங்கும். இதையே 1.5 சதுர மி.மீ. வயரில் செய்தால் 2.4 வோல்ட். 4 சதுர மி.மீ. என்றால் 0.9 வோல்ட். 20 வோல்ட்டில் 1.4 வோல்ட் போவதைப் பொறுத்துக்கொள்ளலாம், 2.4 வோல்ட் போனால் ரயிலின் வேகத்தில் தெரியும்.

இப்போது தண்டவாளத்துக்கு வருவோம். பித்தளையின் மின்தடை செம்பைப்போல நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு. கேட்க அதிகமாகத் தெரியும், ஆனால் ஜி ஸ்கேல் தண்டவாளம் 8.4 மி.மீ. உயரம் உள்ள கெட்டியான உலோகம், பருமனில் எந்த வயரையும் தோற்கடிக்கும். ஆக பித்தளைத் தண்டவாளம் நல்ல கடத்திதான். குற்றவாளி அதன் இணைப்பு. 30 செ.மீ. துண்டுகளை வைத்து 30 மீட்டர் பாதை போட்டால் ஒரு பக்கத்தில் 100 இணைப்பு, போய் வர 200. மழையும் மண்ணும் பட்டு ஒவ்வொரு இணைப்பிலும் வெறும் 5 மில்லிஓம் சேர்ந்தாலே மொத்தம் 1 ஓம் ஆகிவிடும், 2 ஆம்பியருக்கு 2 வோல்ட் காணாமல் போகும். அதுகூட எல்லா இணைப்பும் ஒரே மாதிரி இருந்தால்தான். உண்மையில் ஒன்றிரண்டு மட்டும் மிக மோசமாகப் போய் அங்கேயே ரயில் நின்றுவிடும்.

துருப்பிடிக்காத எஃகுத் தண்டவாளம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அதன் மின்தடை செம்பைப்போல ஏறக்குறைய 40 மடங்கு. மேற்பரப்பு பித்தளையைவிட நெடுநாள் சுத்தமாக இருக்கும், அதற்காகவே பலர் அதை விரும்புகிறார்கள், ஆனால் அதை நம்பி கரன்ட்டை நெடுந்தூரம் அனுப்ப முடியாது. தண்டவாளத்துக்குக் கரன்ட் கொண்டுவரும் ஃபீடர் வயர்களை நெருக்கமாக வைக்க வேண்டும்.

தண்டவாள இணைப்பை உறுதி செய்வது

பெட்டியோடு வரும் ஃபிஷ்பிளேட்டுகள், அதாவது தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் சின்னத் தகடுகள், வெறுமனே நழுவிப் பொருந்துபவை. வீட்டுக்குள் அவை போதும். வெளியே அவற்றை நம்பினால் சில மழைக்காலம் தாண்டுவதற்குள் பிரச்சினை வரும். மூன்று தீர்வுகள் இருக்கின்றன. திருகால் இறுக்கும் ரயில் கிளாம்ப் போடுவது என் முதல் தேர்வு, பின்னால் பாதையைப் பிரித்து நடுவே ஒரு பாயின்ட் (ரயிலை வேறு லைனுக்குத் திருப்பும் பிரிவு) சேர்க்க வேண்டியிருந்தால் நாலு திருகைத் தளர்த்தினால் போதும். விரிவாக்கப் போகிறவருக்கு இதைவிட நல்லது இல்லை. இரண்டாவது, ஒவ்வொரு இணைப்பையும் தாண்டி ஒரு சின்ன வயர்த் துண்டை இரு பக்கமும் சோல்டர் செய்துவிடுவது. செலவு குறைவு, உழைப்பு அதிகம். மூன்றாவது, இருக்கும் ஃபிஷ்பிளேட்டுக்குள் மின்கடத்தும் பேஸ்ட் பூசி இறுக்குவது. இது தனியாகப் போதாது, மற்ற இரண்டோடு துணையாக இருக்கட்டும்.

எதைச் செய்தாலும் வெப்பத்துக்கு இடம் விடுங்கள். 10 மீட்டர் பித்தளைப் பாதை, குளிர்ந்த விடியலுக்கும் கொளுத்தும் மதியத்துக்கும் நடுவே தண்டவாளத்தின் வெப்பம் 40 டிகிரி மாறினால், 7 மி.மீ.க்கு மேல் நீளும். எல்லாவற்றையும் இறுக்கி ஒரே துண்டாக்கினால் வளைவில் பாதை பக்கவாட்டில் பிதுங்கும். நீளமான நேர்ப்பாதையில் அங்கங்கே நழுவும் இணைப்பு ஒன்றை விட்டுவைத்து, அதைத் தாண்டி வளையமாகத் தொங்கும் நெகிழ்வான வயரைப் போடுங்கள். அந்த வயரில் தொய்வு இல்லாவிட்டால் சோல்டர் விரிசல் விட்டு எப்போதாவது மட்டும் வந்துபோகும் கோளாறாக மாறும், தேடிக் கண்டுபிடிக்க மிகக் கஷ்டமான கோளாறு அதுதான்.

நடுவில் ஒரு பெட்டி, அதிலிருந்து கிளைகள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்வேன் என்று நினைப்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

கன்ட்ரோலரிலிருந்து ஒரு தடித்த ஜோடி வயர், 4 சதுர மி.மீ., தோட்டத்தின் நடுவாக்கில் இருக்கும் ஒரு ஜங்ஷன் பாக்ஸுக்கு வரட்டும். ஐபி65 (தூசியும் தண்ணீர்ப் பீச்சலும் புகாத தரம்) அல்லது அதற்கு மேல் தரமுள்ள பெட்டி, தரையில் படாமல் ஒரு சின்னத் தூணிலோ மேடையிலோ. வயர்கள் எல்லாம் பெட்டியின் அடிப்பக்கமாகத்தான் நுழைய வேண்டும், கேபிள் கிளாண்ட் (வயரை இறுக்கிப் பிடித்துத் தண்ணீரைத் தடுக்கும் மூடி) போட்டு. மேல் பக்கம் துளை போட்டால் என்ன சீல் வைத்தாலும் ஒருநாள் தண்ணீர் இறங்கும். முழுக்க மூடிய பெட்டிக்குள்ளும் ஈரம் உறைந்து நீராகும், அதனால் அடியில் ஒரு சின்ன வடிகால் துளை விட்டு, எறும்பு ஏறாமல் மெல்லிய வலைத்துண்டு வையுங்கள்.

பெட்டிக்குள் டெர்மினல் ப்ளாக், அதாவது வயர்களைத் திருகி இணைக்கும் கட்டை. இப்போது இரண்டு கிளைதான் தேவை என்றாலும் ஆறு அல்லது எட்டு கிளைக்கு இடம் உள்ளதாக வாங்குங்கள். ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃபியூஸ், வண்டிகளில் வரும் பிளேடு ஃபியூஸ் போதும், அதன் ஹோல்டர் மலிவு, எரிந்தது கண்ணுக்குத் தெரியும். ஃபியூஸ் வயரைக் காப்பாற்றுவதற்கு என்பதை நினைவில் வையுங்கள், கிளை வயர் தாங்கும் அளவைத் தாண்டி ஃபியூஸ் போடக்கூடாது. டிசிசியில் பூஸ்டரே ஷார்ட்டைக் கண்டு அணைந்துவிடும், ஃபியூஸ் அதற்குப் பின்னால் நிற்கும் இரண்டாவது காவல்.

ஏன் இப்படிக் கிளையாகப் பிரிப்பது, ஒரே வயரைப் பாதை முழுக்கச் சுற்றி ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். ஓட்டலாம், வேலையும் செய்யும். ஆனால் கோளாறு வந்தால் எங்கே என்று தெரியாது. கிளை முறையில் ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றினால் ஐந்து நிமிடத்தில் எந்தக் கிளை என்று தெரிந்துவிடும். புதிதாக ஒரு பகுதி சேர்ப்பதும் அப்படியே, பழையதைத் தொடாமல் காலியாக இருக்கும் டெர்மினலில் புது வயரைச் செருகினால் முடிந்தது.

டிசிசிக்கு ஓரிரு விஷயம் கூடுதல். நீள வயர்களை ஜோடியாக முறுக்கிவிடுங்கள், அடிக்கு மூன்று நான்கு முறுக்கு போதும், சிக்னல் தெளிவாக இருக்கும். வயரைச் சுற்றிக் கொண்டுவந்து தொடங்கிய இடத்திலேயே இணைத்து வட்டமாக மூடாதீர்கள். கிளை 10 மீட்டரைத் தாண்டினால் அதன் கடைசி முனையில் 100 ஓம் ரெசிஸ்டரையும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் தொடராகச் சேர்த்து இரண்டு வயருக்கும் குறுக்கே போடுவது நல்ல பழக்கம், நீள வயரில் உண்டாகும் வோல்டேஜ் துள்ளலை அது அடக்கும்.

மண்ணுக்குள் வயர்

பிவிசி பைப்புக்குள் போடுங்கள். வயரை நேராக மண்ணில் புதைத்தால் மண்வெட்டி ஒருநாள் அதைத் தேடி வரும், எலியும் கடிக்கும். பைப் இன்றைய தேவையைவிட இரண்டு மடங்கு அகலமாக இருக்கட்டும், உள்ளே ஒரு நைலான் கயிற்றை இழுத்து விட்டுவிடுங்கள், புது வயர் வேண்டியபோது கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். வயரை இழுக்கும்போது கூடவே இன்னொரு கயிற்றையும் இழுத்துவிட மறக்க வேண்டாம்.

அதைவிட முக்கியம், நடைபாதை போடும்போதோ சுவர் எழுப்பும்போதோ அதன் அடியில் ஒரு காலி பைப்பைப் பதித்துவிடுவது. அந்தப் பக்கம் ரயில் போகுமா என்று இப்போது தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பின்னால் கான்கிரீட்டை உடைப்பதை நினைத்தால் ஒரு துண்டு பைப் ஒன்றுமே இல்லை. பைப்பைக் கொஞ்சம் சாய்வாக வைத்து தாழ்ந்த முனையில் தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். எந்தப் பைப்பிலும் தண்ணீர் சேரும் என்று வைத்துக்கொண்டே வயரைத் தேர்ந்தெடுங்கள், வெளிப்புற உறை தடித்த கேபிளாக இருக்கட்டும். மண்ணுக்குள் எங்கேயும் ஜாயின்ட் வைக்காதீர்கள், ஜாயின்ட் எல்லாம் பெட்டிக்குள் அல்லது கண்ணுக்குத் தெரியும் இடத்தில்.

தண்டவாளத்தோடு வயரைச் சேர்ப்பது

கிளை வயரிலிருந்து தண்டவாளத்துக்கு ஏறும் சின்ன வயர்தான் ஃபீடர். 1 அல்லது 1.5 சதுர மி.மீ., நீளம் அரை மீட்டருக்குள். நல்ல கிளாம்ப் போட்ட பித்தளைப் பாதைக்கு 4, 5 மீட்டருக்கு ஒரு ஜோடி போதும். நழுவும் ஃபிஷ்பிளேட் என்றால் 2 மீட்டருக்கு ஒன்று. எஃகு என்றாலும் அப்படியே. ஒவ்வொரு பாயின்ட்டின் மூன்று முனைக்கு அருகிலும் ஒன்று இருந்தால் நிம்மதி.

சோல்டர் செய்வது எல்லோரும் நினைப்பதைவிடக் கடினம், ஏனென்றால் தடித்த பித்தளை வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 25 வாட் சோல்டரிங் அயர்ன் இங்கே உதவாது, குறைந்தது 100 வாட் வேண்டும், அல்லது சின்ன காஸ் டார்ச். தண்டவாளத்தின் அடிப்பக்கத்தை உரசிப் பளபளக்க வைத்து, ஃப்ளக்ஸ் தடவி, முதலில் தண்டவாளத்தில் ஒரு பூச்சு ஈயம், வயரில் ஒரு பூச்சு ஈயம், அப்புறம் இரண்டையும் சேர்த்துச் சூடாக்குங்கள். வேகமாகச் சூடாக்கி வேகமாக எடுப்பதுதான் சரியான முறை, மெதுவாகச் செய்தால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகும்.

சோல்டர் பிடிக்காதவர்களுக்கு திருகு முறை இருக்கிறது. தண்டவாளத்தின் அடிப்பாகத்தில் துளையிட்டு, மரை வெட்டி, ரிங் லக் வைத்து எம்3 திருகால் இறுக்குங்கள். திருகு பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரண இரும்புத் திருகு பித்தளையோடு ஈரத்தில் சேர்ந்தால் அரித்துக்கொண்டு போகும். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசிவிடுங்கள். வயரோடு வயர் சேரும் இடங்களில் ஜெல் நிரப்பிய கனெக்டர், அல்லது உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப். இன்சுலேஷன் டேப் சுற்றுவது வெளியில் நிற்காது.

ஆரம்பத்திலேயே இரண்டு நிறம் முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். வீட்டுப் பக்கம் இருக்கும் தண்டவாளம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு என்பதுபோல. பாதை வளைந்து திரும்பும்போது எது எந்தப் பக்கம் என்ற குழப்பம் நிச்சயம் வரும், ஒரு பெட்டி வண்டியின் ஒரு பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தண்டவாளத்தின் மேல் கையால் தள்ளிக்கொண்டே போனால் சந்தேகமே வராது.

திரும்பி வரும் லூப்

ரயில் ஒரு பேரிக்காய் வடிவ லூப்பில் சுற்றி வந்த பாதையிலேயே திரும்பிப் போனால், இடது தண்டவாளம் சுற்றி வந்து வலது தண்டவாளத்தோடு சேரும். இரண்டு தண்டவாள முறையில் அது நேரடி ஷார்ட். லூப்பின் இரு முனையிலும், இரண்டு தண்டவாளங்களையும், இன்சுலேட்டட் ஜாயின்ட் போட்டுப் பிரிக்க வேண்டும். உள்ளே இருக்கும் பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்கட்டும், உலோகச் சக்கரம் எதுவும் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் நிற்கக்கூடாது. டிசிசியில் ஆட்டோ ரிவர்ஸர் என்ற கருவி மாற்றத்தைத் தானே செய்துவிடும், டிசியில் பிளஸ் மைனஸை மாற்றித்தரும் ஒரு டிபிடிடி ஸ்விட்ச் வைத்துக் கையால் மாற்றலாம்.

பிரிக்கும் இடைவெளியில் ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கட்டாயம் செருகுங்கள். வெயிலில் தண்டவாளம் நீண்டு முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் காலையில் ஓடிய ரயில் மதியம் மட்டும் நிற்கும்.

பாயின்ட் மோட்டாரும் விளக்கும்

இவற்றுக்குத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள், தனி ஜோடி வயர் போடுங்கள். காரணம் எளிது. பாயின்ட் தவறாக இருந்து ரயில் தடம் புரண்டு ஷார்ட் ஆனால் தண்டவாள மின்சாரம் அணைந்துவிடும், அப்போது அந்தப் பாயின்ட்டைத் திருப்பிவைக்கவும் மின்சாரம் இருக்காது. வீடு, ஸ்டேஷன் விளக்குகளுக்கு 12 வோல்ட் தனி லைன் ஒன்று போதும், எல்லாம் எல்இடி என்றால் கரன்ட் மிகக் குறைவு. பைப்பை அகலமாக வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோதனை: பல்பை வைத்துப் பாருங்கள்

வெறும் மல்டிமீட்டரைத் தூரத்து மூலையில் வைத்தால் 20 வோல்ட் முழுசாகக் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரன்ட்டே இழுப்பதில்லை. சுமை வைத்தால்தான் உண்மை தெரியும். வண்டிகளில் வரும் 12 வோல்ட் 21 வாட் பல்பு இரண்டைத் தொடராக இணைத்து, இரண்டு முதலைப் பிடிகளோடு ஒரு பலகையில் பொருத்திக்கொள்ளுங்கள். 20 வோல்ட்டில் அது ஒன்றரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் இழுக்கும். பாதை நெடுக மீட்டருக்கு ஒருமுறை அதைத் தொடவைத்து, பல்பு எரியும்போதே வோல்டேஜைப் பாருங்கள், எழுதிக்கொள்ளுங்கள். எங்கே திடீரென்று அரை வோல்ட் இறங்குகிறதோ அந்த இணைப்புதான் கெட்டது. டிசிசியில் சாதாரண மீட்டரின் ஏசி ரேஞ்ச் துல்லியமாகக் காட்டாது, ஆனால் இடத்துக்கு இடம் ஒப்பிட அது போதும்.

டிசிசிக்கு இன்னொரு சோதனை. ஒவ்வொரு ஃபீடருக்கும் நடுவிலும், கடைசி முனையிலும், ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே படும்படி வையுங்கள். 45 மி.மீ. இடைவெளிக்கு நாணயம் எட்டாது என்பதால் ஒரு ஸ்க்ரூடிரைவர் வசதி. பூஸ்டர் உடனே அணைய வேண்டும். அணையாமல் பொறி மட்டும் பறந்தால் அந்த இடத்துக்கு வரும் வயர் மெல்லியது அல்லது இணைப்பு மோசம், நிஜ ஷார்ட் வந்தால் அங்கே ஏதோ ஒன்று எரியும். சரிசெய்யாமல் ரயில் ஓட்ட வேண்டாம்.

புதுப் பகுதியைச் சேர்க்கும் நாள்

வரிசை முக்கியம். முதலில் புதுப் பாதையைத் தனியாகப் போட்டு, பழையதோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டு, ஃபீடர்களை முடித்து, ஜங்ஷன் பாக்ஸில் காலி டெர்மினலில் சொருகுங்கள். பல்புச் சோதனையை அந்தப் பகுதிக்கு மட்டும் செய்யுங்கள். அப்புறம் இடைவெளியின் இரு பக்கமும், ஒரே பக்கத் தண்டவாளத்தின் இரு முனைகளில், மீட்டரை வையுங்கள். ஒரே சப்ளையிலிருந்து வரும் கிளைகள் என்றால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். முழு வோல்டேஜும் காட்டினால் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது, அப்படியே இணைத்தால் ஷார்ட். பூஜ்யம் வந்த பிறகுதான் இடைவெளியை மூடிக் கிளாம்ப் போட வேண்டும். புதுப் பகுதிக்குத் தனி பூஸ்டர் என்றால் இடைவெளியை மூடாமல் இரண்டு தண்டவாளத்திலும் இன்சுலேட்டட் ஜாயின்ட்டாக வைத்துவிடுங்கள். பூஸ்டர்களுக்கு நடுவே பொது வயர் வேண்டுமா என்பதை அவற்றின் கையேடு சொல்லும், அதை அப்படியே பின்பற்றுங்கள்.

எந்தக் கிளை எங்கே போகிறது, எந்தப் பைப் காலியாக இருக்கிறது, பல்புச் சோதனையில் வந்த எண் என்ன என்பதை ஒரு வரைபடமாக வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஜங்ஷன் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் அதே இடங்களில் மறுபடி அளந்தால் எந்த இணைப்பு வயதாகிறது என்று ரயில் நிற்பதற்கு முன்பே தெரியும்.

தண்டவாளம் துடைப்பது பற்றி ஒரு வார்த்தை. பித்தளை மேல் படியும் கறை கரன்ட்டைத் தடுக்கும், அதற்கென்று வரும் உரசும் கட்டையாலோ, கைப்பிடியில் மாட்டிய மெல்லிய பேடாலோ ஓட்டும் நாளில் ஒருமுறை உரசுங்கள். இரும்பு நார் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் நுண்ணிய துணுக்குகளை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், அப்புறம் மோட்டாரையே மாற்ற வேண்டியிருக்கும்.